கோட்டுக்குள் கை போனால் வயிற்றுவலியா?

கல்லூரியில் கலை வரலாறு பாடம் எடுக்கிறேன். இந்த வாரம் திருத்திய விடைத்தாள்களிலும் அதே வரி: நெப்போலியனுக்குத் தீராத வயிற்றுவலி, அதனால்தான் ஓவியத்தில் அவர் அணிந்திருக்கும் கோட்டுக்குள் கை. இன்னொரு தாளில் அது ரகசியச் சங்கத்தின் சைகையாம். இரண்டுமே வாட்ஸ்அப் பார்வர்டுகளில் சுற்றுபவை. இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

1821இல் அவர் இறந்தபின் நடந்த பிரேதப் பரிசோதனையில் வயிற்றில் புண் இருந்தது, உண்மைதான். ஆனால் 1804இல் பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் வரைந்த படத்திலேயே கோட்டுக்குள் இடது கை இருக்கிறது. 1812இல் இன்னொரு பிரெஞ்சு ஓவியர் ஜாக் லூயி டேவிட் வரைந்ததில் உள்ளே போயிருப்பது வலது கை. அதைவிட, நெப்போலியன் பிறப்பதற்கு முன்பே ஐரோப்பியக் கனவான்கள் பலர் இப்படி நின்றுதான் படம் வரையவைத்துக்கொண்டார்கள். 1737இல் லண்டனில் நிவெலோன் என்ற நடன ஆசிரியர் வெளியிட்ட நன்னடத்தை நூல் இந்த நிலையைப் பரிந்துரைக்கிறது, ஏனென்றால் இதில் துணிவும் தெரியும், அடக்கமும் தெரியும். பண்டைய கிரேக்கத்தில் எஸ்கினீஸ் என்ற மேடைப் பேச்சாளர்கூட, மேலாடைக்குள் கை வைத்துப் பேசுவதே முன்னோரின் கண்ணியம் என்று வாதாடியிருக்கிறார். இத்தனை பேருக்கும் வயிற்றுவலி என்று யாரும் சொல்வதில்லையே! இன்னொன்று, 1812 படத்துக்கு நெப்போலியன் நேரில் வந்து நிற்கவே இல்லை. அந்தக் கையை அங்கே வைத்தவர் ஓவியர்.

சரி, கையை விடுங்கள். அதே 1812 படத்தில் மற்றதைப் பாருங்கள்: கடிகாரத்தில் மணி 4.13, மெழுகுவத்தி எரிந்து தீரப்போகிறது, மேசையில் 'கோட்' (Code, அதாவது சட்டத் தொகுப்பு) என்று எழுதிய சுருள், வாள் நாற்காலியில் கிடக்கிறது. நாடு தூங்கும்போது விடிய விடிய சட்டம் எழுதும் தலைவர், இதுதான் படம் சொல்லவரும் சேதி. ஆனால் அந்தச் சிவில் சட்டம் 1804இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. படத்துக்குப் பணம் கொடுத்தவரோ ஸ்காட்லாந்துப் பிரபு, அதுவும் பிரிட்டன் பிரான்ஸோடு போரிட்டுக்கொண்டிருந்தபோது! மாணவர்கள் கேள்வி கேட்க வேண்டிய இடம் இது. ஒருவரும் கேட்பதில்லை.

அதனால் தயவுசெய்து, 'மறைந்திருக்கும் ரகசியம்' என்று வரும் எதையும் உடனே பகிராதீர்கள். யார் வரையச் சொன்னார், எந்த ஆண்டு, எங்கே மாட்ட, இதை முதலில் தேடுங்கள். அதே காலத்து வேறு நான்கு பேரின் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எது வழக்கம், எது அந்த ஒருவருக்காகச் சேர்த்தது என்பது தெரிந்துவிடும். இன்றைய தலைவர்களின் அதிகாரபூர்வப் புகைப்படங்களில் பின்னால் நிற்கும் கொடிக்கும் கையில் இருக்கும் பேனாவுக்கும் இதே கேள்விகள்தான். ஆசிரியர்களே, வகுப்பில் அந்த வயிற்றுவலிக் கதையைச் சுவைக்காகக்கூடச் சொல்லாதீர்கள், பிள்ளைகளுக்கு அது மட்டும்தான் நினைவில் நிற்கிறது. டேவிட்டின் படம் வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது, அவர்களின் இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம், காசு கிடையாது.