செல்லார் தோண்டுறதுக்கு முன்னாடி பக்கத்து கிணத்த எட்டிப் பாருங்க

என் மச்சான் காவேரிப்பட்டணம் பக்கத்துல வீடு கட்ட ஆரம்பிச்சப்ப மேஸ்திரிகிட்ட "பேஸ்மெண்ட் வேணும்"னு சொன்னாரு, மேஸ்திரியும் "மூணடி போட்ரலாம் சார்"னுட்டாரு. ரெண்டு பேரும் பேசினது வேற வேற. நம்ம ஊர்ல பேஸ்மட்டம்னா தரைக்கு மேல தூக்கிக் கட்டுறது, மச்சான் கேட்டது தரைக்கு கீழ ஒரு ரூம், ஓசூர் பக்கம் செல்லார்னு சொல்வாங்களே அது.

கீழ குளுகுளுன்னு இருக்கும்ங்கிறது அவரோட கணக்கு. அது உண்மைதாங்க. மண்ணு வழியா சூடு ரொம்ப மெதுவாத்தான் இறங்கும், ரெண்டடி ஆழத்துலயே பகல் ராத்திரி வித்தியாசம் பெருசா தெரியாது, பத்தடி போனா கோடைக்கும் மார்கழிக்கும் இருக்குற வித்தியாசமே பாதிக்கு மேல அடங்கிரும். ஆனா அதே குளிர்ந்த சுவத்துல மழைக்காலத்து ஈரக்காத்து பட்டா வேர்த்து கொட்டும், அரிசி மூட்டைய அங்க வெச்சா பூசணம் பிடிக்கும்.

பெரிய சிக்கல் தண்ணிதான். கிருஷ்ணகிரி, தர்மபுரி நிலம் மேல கொஞ்சம் செம்மண்ணு, அதுக்கு கீழ மக்கிப்போன பாறை, கையில அமுக்கினா உதிரும், அதுக்கும் கீழ கெட்டிப்பாறை. மழைத்தண்ணி மேல ரெண்டு அடுக்குல சுலபமா இறங்கும், கெட்டிப்பாறை வந்ததும் விரிசல் இருக்குற இடத்த தவிர வேற வழியில்லாம அது மேலயே பக்கவாட்டுல நகரும். நம்ம கிணத்துல ஊத்து வர்றதே அப்படித்தான். மச்சான் இடத்துல சோதனைக்கு ஒரு மூலையில எட்டடி குழி எடுத்தோம், மழை விட்டு மூணாம் நாள் போய் எட்டிப் பாத்தா குழியோட பக்கவாட்டுல, உதிர்ற பாறையும் கெட்டிப்பாறையும் சேர்ற கோட்டுல மட்டும் முத்து முத்தா தண்ணி கசிஞ்சு நிக்குது, மேல மண்ணு காஞ்சு கிடக்குது. நாம தோண்டுறது ரூம் இல்ல, கிணறுன்னு அப்பத்தான் அவருக்கு உறைச்சுது.

சுவரு கட்டி அடைச்சா சரியாப் போகாதான்னு கேப்பாங்க. தோண்டின குழிய சுவத்த சுத்தி திரும்ப மூடுற மண்ணு தளர்வா இருக்கும், சுத்தி கெட்டிப்பாறை, அதனால தண்ணி அங்கதான் தொட்டி மாதிரி தேங்கும். ஒரு மீட்டர் உயரத் தண்ணி ஒரு சதுர மீட்டருக்கு 1 டன் அழுத்தும். 3 மீட்டர் நின்னா சுவத்தோட அடியில 3 டன், ஒவ்வொரு மீட்டர் நீள சுவத்துக்கும் மொத்தம் 4.5 டன் தள்ளு, மண்ணோட தள்ளு தனி. இத விட பயமானது கீழருந்து தூக்குறது. 1200 சதுர அடி தளத்துக்கு அடியில ஒரு மீட்டர் தண்ணி ஏறினா கிட்டத்தட்ட 111 டன் மேல நோக்கித் தள்ளும், மெல்லிசா போட்ட தளம் நடுவுல வெடிச்சுரும். 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 செ.மீ கொட்டுச்சு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்ன வண்டிங்க அடிச்சுட்டுப் போச்சு. அந்த மாதிரி ராத்திரியில கரண்டும் போயிரும், கரண்ட் போனா தண்ணிய இறைக்க செல்லார்ல வெச்ச மோட்டார் எதுக்கு?

இன்னொண்ணு, நம்ம பக்கத்து கிரானைட் பாறையில துளியூண்டு யுரேனியம் இருக்கும், அது சிதையுற வழியில ரேடான்னு ஒரு வாயு வரும், நிறமும் இல்ல வாசனையும் இல்ல. காத்தோட்டம் இல்லாத நிலவறையில தேங்கும், வருஷக்கணக்கா சுவாசிச்சா நுரையீரல் புற்றுநோய்க்கு ஒரு காரணம். செல்லார்ல படுக்கை போடறவங்க எக்ஸாஸ்ட் ஃபேன் போட மறந்துராதீங்க.

அதே பாறை மேல்மாடிக்கு பெரிய வரம். அஞ்சு இஞ்ச் கான்கிரீட் தளம் சதுர அடிக்கு சுமார் 29 கிலோ, 1000 சதுர அடின்னா 29 டன், அத கெட்டி அஸ்திவாரம் அசராம தாங்கும். கடக்கால் எடுக்கும்போதே மாடி வரும்னு சொல்லி கம்பியும் தூணும் போட்டுக்கணும், அப்புறமா ஏத்துறது ஆபத்து. மாடியோட குறை வெயில்தான், உச்சி வெயில் சதுர மீட்டருக்கு 1000 வாட் கிட்ட கொட்டும், தளம் பகல்ல குடிச்ச சூட்ட பல மணி நேரம் கழிச்சு ராத்திரிதான் ரூமுக்குள்ள விடும், அதான் படுக்கப் போறப்ப புழுங்குது. மேல வெள்ளை சுண்ணாம்போ கூல் பெயிண்ட்டோ அடிச்சா பெரும்பகுதி வெயில் அப்படியே திரும்பிப் போயிரும், செலவும் கம்மி.

தேன்கனிக்கோட்டை மாதிரி சரிவு நிலமா இருந்தா நான் செல்லார வேணாம்னு சொல்ல மாட்டேன், ஒரு பக்கம் திறந்திருக்கும், தண்ணி தானா வெளிய ஓடும், வெளிச்சமும் வரும். சமதளத்துல மட்டும் கார்த்திகை மார்கழியில பக்கத்து கிணத்துல தண்ணி எத்தனை அடியில நிக்குதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

மச்சான் மாடிதான் ஏத்தினாரு. அந்த எட்டடி குழிய மூடல, மழைத்தண்ணி சம்ப்பா கட்டிட்டாரு, ஏன்னா நம்ம பக்கம் போர் தண்ணியில பாறையிலருந்து கரையுற ஃபுளோரைடு அதிகம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினா குடிக்கக் கூடாது, மழைத்தண்ணியில அந்தத் தொந்தரவு இல்ல. அந்த சம்ப்ப மழைக்காலத்துல காலியா மட்டும் வெக்கிறதில்ல, பாதியாவது தண்ணி நிக்கும், வெளியத் தண்ணி தூக்குற தூக்குக்கு உள்ள இருக்குற கனம் ஈடு கொடுக்கும்.