முதியோர் இல்லத்தில் ஐப்பசி

மேப்பிள் இலை ஐம்பது வெட்டினேன். சிவப்பு, மஞ்சள், தோடம்பழ நிறம் என்று மூன்று வகைக் கடதாசி. இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து வெட்டி, மறுநாள் காலை இல்லத்தின் இஸ்தோப்பில், அதாவது முன் விறாந்தையில், சுவரில் ஒட்டியும் விட்டேன். தொழில்வழிச் சிகிச்சையாளராகப் பண்டாரவளைப் பக்கத்து முதியோர் இல்லம் ஒன்றுக்கு நான் போகத் தொடங்கிய முதல் வருடம் அது. கையில் இணையத்திலிருந்து இறக்கிய ஒரு செயற்பாட்டு அட்டவணை இருந்தது. ஓய்வுபெற்ற முதியோர் சேர்ந்து வாழும் குடியிருப்புகளுக்காக ஏதோ ஒரு குளிர்நாட்டில் தயாரித்த "இலையுதிர்காலச் சுவையான தகவல்கள்". அணில் ஏன் கொட்டைகளைப் புதைக்கிறது, அப்பிள் சாறு எப்படிப் பிழிவார்கள், பூசணிக்காயில் ஏன் முகம் செதுக்குகிறார்கள், இப்படி.

வாசித்துக் காட்டினேன். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். மீதிப் பேர் மரியாதைக்காகத் தலையாட்டினார்கள். நாற்பது வருடம் கொழுந்து பறித்த ஓர் அப்பாயி மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "ஏங்க மிஸ், அந்த ஊர்ல எல சாகும்போதா செவக்கும்? நம்ம பக்கம் துளுக்கும்போதுதானே செவக்கும்?"

தூங்கியவர்களில் இரண்டு பேர் கண்ணைத் திறந்தார்கள்.

அவர் கேட்டது சரிதான். மாந்தளிர் என்று ஒரு நிறத்துக்கே பெயர் வைத்த மொழி நம்முடையது. 1986 இல் இலங்கையின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்ட நாக மரத்தின் தளிர் நல்ல சிவப்பு. கறுவாத் துளிரும் அப்படித்தான். ஹோட்டன் சமவெளிக்குப் போனவர்கள் கீன மரங்கள் துளிர்க்கும்போது காட்டின் தலை சிவந்து கிடப்பதைப் பார்த்திருப்பார்கள். இங்கும் அங்கும் சிவப்பைத் தருவது அந்தோசயனின் என்ற ஒரே வகைச் சாயம். குளிர்நாட்டில் பகல் குறையக் குறைய, மரம் இலையிலுள்ள பச்சையத்தை உடைத்துச் சத்தைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். பச்சை போனதும் முன்பே உள்ளே இருந்த மஞ்சள் தெரியவரும். சிவப்பு மட்டும் அந்த நேரத்தில் புதிதாக உண்டாவது. நம் மரங்களில் தளிர் முற்றுவதற்கு முன்பே சிவப்பைப் போர்த்திக்கொள்கிறது. அது வெயிலுக்கும் பூச்சிக்கும் ஒரு காப்பு என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

நமக்கு ஏன் இலையுதிர்காலம் இல்லை என்பதையும் அன்றே பேச வேண்டியதாகிவிட்டது. மலைநாடு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 7 பாகையில் இருக்கிறது. வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் 50 நிமிடம் அளவுதான் வித்தியாசம். லண்டனில் அது 8 மணித்தியாலத்துக்கும் அதிகம். குளிர் வருகிறது, இலையைக் கொட்டு என்று நம் மரங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

அதற்குப் பிறகு அட்டவணையைத் திருப்பிப் போட்டேன். நான் தகவல் சொல்வது, அவர்கள் கேட்பது என்று இருந்ததை, நான் ஒன்றைச் சொல்வேன், அவர்கள் என்னைத் திருத்துவார்கள் என்று மாற்றினேன். ரொபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963 இல் எழுதினார், வயதானவர்கள் பழையதைத் திரும்பத் திரும்பப் பேசுவது மூளை தளர்ந்ததன் அடையாளம் அல்ல, வாழ்ந்த வாழ்க்கையை அவர்கள் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது என்று. அதுவரை அதை ஒரு குறையாகவே பலரும் பார்த்தார்கள். இன்றும் எத்தனையோ வீடுகளில் "சொன்னதையே சொல்லாதீங்க" என்ற அதட்டல் கேட்கிறது.

பருவகாலப் பேச்சு பொழுதுபோக்கு மட்டும் இல்லை. மறதி உள்ளவர்களுக்கு அது ஒரு பிடிமானம். "இன்னைக்கு என்ன திகதி?" என்று கேட்டுப் பாருங்கள், முகம் சுருங்கிவிடும், அது பரீட்சை. "கச்சான் காத்து ஓஞ்சிருச்சா?" என்று கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். ஊவாப் பக்கத்தில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் அந்த வறண்ட காற்றில்தான் எங்கள் தேயிலைக்கு அதன் பெயர்பெற்ற மணம் ஏறுகிறது. காற்று ஓய்ந்து, ஒக்டோபரில் பிற்பகல் இடிமழை தொடங்கினால் ஐப்பசி. கலண்டர் மறந்தவருக்கும் உடம்பில் அது பதிந்திருக்கிறது.

நம் பெரியவர்கள் வருடத்தை ஆறாகப் பிரித்தபோது ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் கூதிர் என்று பெயர் வைத்தார்கள். ஐப்பசிக்குத் துலா மாதம் என்றும் பெயர். துலா என்றால் தராசு, இரவும் பகலும் சமமாக நிற்பதைச் சொல்வது. ஆனால் இப்போது அந்தச் சமநாள் செப்டெம்பர் 22 அல்லது 23 இல் வருகிறது, பஞ்சாங்கத்தில் ஐப்பசி பிறப்பதோ ஒக்டோபர் நடுவில். பூமியின் அச்சு மிக மெதுவாகச் சுழன்று ஆடுவதால் ஏற்பட்ட இடைவெளி இது. பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த ஓர் ஐயாவிடம் இதைச் சொன்னபோது இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு தாளில் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார்.

செப்டெம்பர் முதல் வாரத்தில் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வரும். ஏப்ரலில் ஒரு முறை, இப்போது ஒரு முறை. முற்றத்தில் ஒரு கம்பை நட்டு, சக்கர நாற்காலிகளைச் சுற்றி வைத்து, எல்லோர் தலையிலும் தொப்பியோ துண்டோ போட்டுக் காத்திருந்தோம். நண்பகல் 12 மணி தாண்டிச் சில நிமிடத்தில் கம்பின் நிழல் காலடியில் சுருண்டு மறைந்தது. "மணிக்கூடு ஆபீஸ்லதான் இருந்துச்சு, நாங்க நெழலப் பாத்துத்தான் மட்டம் விடுவோம்" என்று ஆரம்பித்தார் ஒரு பழைய கணக்கப்பிள்ளை. அவர் ஒரு மாதமாக வாய் திறக்காதவர். பத்து நிமிடத்துக்கு மேல் வெயிலில் வைக்க வேண்டாம், தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே அழைத்துப் போங்கள்.

இலையுதிர்காலத் தகவல்களில் நம் இல்லங்களுக்கு மெய்யாகவே தேவைப்படும் ஒன்று உண்டு. நான் பார்த்த பட்டியல்களில் அது கடைசி வரியில் கிடக்கும்: கடிகாரத்தை மாற்றுவது. எங்கள் இல்லத்தில் பிள்ளைகள் கனடாவிலும் இங்கிலாந்திலும் உள்ளவர்கள் பலர். ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியைக்கு டொரொன்டோவிலிருந்து மகள் ஞாயிறு மாலை ஏழு மணிக்கு அழைப்பார். ஆறரைக்கே தலை சீவி, கண்ணாடியைத் துடைத்து, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார் டீச்சர். நவம்பரில் ஒரு ஞாயிறு, ஏழு தாண்டியது, ஏழரையும் தாண்டியது. சாப்பாடு வேண்டாம் என்றார். எட்டு மணிக்கு அழைப்பு வந்தபோது அழுதுகொண்டிருந்தார். மகளுக்கோ ஒன்றும் விளங்கவில்லை, அவர் வழக்கம் போல அங்கு காலை ஒன்பதரைக்குத்தான் எடுத்திருக்கிறார்.

கனடாவின் பெரும்பகுதியில் நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவார்கள். டொரொன்டோவுக்கும் நமக்கும் அதுவரை ஒன்பதரை மணித்தியால வித்தியாசம், அன்று முதல் பத்தரை. இங்கிலாந்தில் ஒக்டோபர் கடைசி ஞாயிறு, நாலரை ஐந்தரையாகும். மார்ச்சில் பழையபடி திரும்பும். பராமரிக்கிறவர்கள் இந்த இரண்டு ஞாயிறையும் கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கிற பிள்ளைகளே, அந்த வாரம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

டீச்சருக்கு இதை விளக்குவது சுலபமாக இருந்தது. 1996 இல் மின்வெட்டுக் காலத்தில் நம் நாட்டிலும் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள், அதே வருடம் அரை மணித்தியாலம் குறைத்தார்கள், 2006 சித்திரையில்தான் பழைய நேரத்துக்கு வந்தோம். "பழைய நேரமா புது நேரமா?" என்று கேட்டுக்கொண்டு திரிந்த அந்தப் பத்து வருடம் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. அடுத்த வாரம் பேரன் வீடியோவில் ஒரு மேப்பிள் இலையைக் காட்டியபோது, அது ஏன் சிவந்தது என்று டீச்சர் அவனுக்குப் பாடம் எடுத்தார்.

ஒரு தவறையும் எழுதியாக வேண்டும். இரண்டாம் வருடம் ஒக்டோபர் கடைசியில், தகரக் கூரையில் மழை விழும் ஓசையைப் போனில் பிடித்து வந்து போட்டேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு கொழுந்தெடுத்த கதை, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நனைந்து கனத்த கதை எல்லாம் வரும் என்று நினைத்தேன். வந்தது. ஆனால் மூலையில் இருந்த ஓர் அம்மா காதைப் பொத்திக்கொண்டார். அவருடைய சொந்தக்காரர்கள் கொஸ்லந்தைப் பக்கம். 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடிய இடம் அது. மலைநாட்டில் இந்தப் பருவத்துக்கு அந்த முகமும் உண்டு என்பது எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். மழையை ரசனைப் பொருளாக நினைத்த நேரத்தில் மறந்துவிட்டேன். இப்போது ஒவ்வொருவருடைய கோப்பிலும் எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்த இழப்பு என்று குறித்துக்கொண்ட பிறகே எதையும் தொடங்குகிறேன். இரவு கனமழை பெய்தால் அந்த அம்மாவின் அறைக்கு யாராவது ஒருவர் போய் உட்கார்வார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எங்கள் பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கிறதா என்று பார்த்து, உள்ளதை உள்ளபடி அவருக்குச் சொல்வோம். "ஒன்னும் ஆகாதும்மா" என்று மட்டும் சொல்வதை அவர் நம்புவதில்லை, நம்ப வேண்டிய அவசியமும் இல்லை.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாக. வயது ஏறினால் தாகம் குறைவாகத் தெரியும், குளிர் காலத்தில் இன்னும் குறையும். கேட்டால்தான் கொடுப்பது என்று இருக்காமல் இளஞ்சூட்டில் மல்லித்தண்ணியோ இஞ்சி போட்ட சாயத்தண்ணியோ கையில் கொடுங்கள். நனைந்த இஸ்தோப்பு ஆபத்து. காலமெல்லாம் வெறுங்காலோடு மலை ஏறியவர்கள் செருப்புப் போட மாட்டேன் என்பார்கள், பின்பக்கம் வார் உள்ள, அடி வழுக்காத செருப்பாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தால் ஓரளவு சமாளிக்கலாம். சீனி வியாதியால் பாதம் மரத்தவர்களுக்கு அட்டை கடித்தது தெரியவே தெரியாது. அட்டையின் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத பொருள் இருக்கிறது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் என்றால் ஒழுக்கு நிற்க நேரமாகும், சுத்தத் துணியால் அழுத்திப் பிடியுங்கள், நிற்காவிட்டால் வைத்தியசாலை. தீபாவளிக்கு நல்லெண்ணெய் தேய்ப்பதானால் நாற்காலியில் உட்கார வைத்து அறையிலேயே தேய்த்துத் துடைத்துவிட்டு, பிறகு குளியலறைக்குக் கூட்டிப் போங்கள். எண்ணெய்க் காலும் ஈரத் தரையும் சேரக் கூடாது.

பூசணியும் அப்படித்தான். ஐரோப்பாவில் முகம் செதுக்கும் வழக்கம் அயர்லாந்துக்காரர்கள் டர்னிப் கிழங்கில் தொடங்கியது, அமெரிக்கா போன பிறகுதான் பூசணிக்கு மாறியது என்று சொன்னேன். எங்கள் ஆட்கள் ஆயுத பூசைக்கு நீற்றுப்பூசணியில் குங்குமம் தடவி ஸ்டோர் வாசலில் உடைத்த கதையைச் சொன்னார்கள். கதை முடிந்த கையோடு ஒருவர் உடைத்தே காட்டிவிட்டார். வழுக்கி விழுந்தது முதியவர் யாரும் இல்லை, நான்தான். இப்போது தேங்காய்ச் சாக்கு விரித்து அதன் மேல் உடைக்கிறோம்.

அப்புறம் ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் வட, மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ஒக்டோபரை ஒட்டி நம் பக்கம் வந்து சேரும் விருந்தாளி. ஒரு சாண் உடம்பில் பச்சை, நீலம், சிவப்பு என்று அத்தனை நிறம். விடியலிலும் அந்தியிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் கத்துவதால் அந்தப் பெயர். பறந்து வந்த களைப்பில் வீட்டுக்குள் வந்து விழுவதும் உண்டு. அப்படி வந்தால் ஓர் அட்டைப் பெட்டியில் இருட்டாக, அமைதியாகச் சில மணித்தியாலம் வைத்துவிட்டு வெளியே விட்டால் போதும். மாலை மயங்கும் நேரத்தில்தான் மறதி உள்ளவர்கள் பலர் அமைதியிழந்து "வீட்டுக்குப் போகணும்" என்று எழும்புவார்கள். எங்கள் இல்லத்தில் அந்த நேரத்தில் விளக்குகளை முன்கூட்டியே போட்டுவிட்டு, எல்லோரையும் இஸ்தோப்பில் உட்கார வைத்து, குருவிக்குக் காது கொடுக்கிறோம். அந்த வருடம் முதலில் கேட்டவரின் பெயரையும் திகதியையும் சுவரில் எழுதுவது வழக்கமாகிவிட்டது.

போன வருடம் அப்பாயிதான் முதலில் கேட்டார். மற்ற யாருக்கும் கேட்கவில்லை, எனக்கும்தான். எழுதுவதா வேண்டாமா என்று நான் தயங்கிக்கொண்டு நிற்க, டீச்சர் எழுந்து போய், ஈரத்தில் நிறம் வெளுத்துப்போன மேப்பிள் இலை ஒன்றின் பக்கத்தில் அப்பாயியின் பெயரை எழுதினார். மூன்று நாள் கழித்து, அந்திக்கு ஆறு மணி சொச்சத்தில், எல்லோருக்கும் கேட்டது.