மணலில் வண்டி ஆடும், ஆடட்டும்

திருச்செந்தூர்ப் பக்கம் பல வருடங்களாக இருசக்கர வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கி, தார் ரோட்டில் நன்றாகவே ஓட்டுகிறவர்கள்கூட என்னிடம் வந்து தயங்கித் தயங்கிக் கேட்பார்கள்: "மணலக் கண்டாலே கை நடுங்குது, என்ன செய்ய அண்ணாச்சி?" குதிரைமொழித் தேரி என்கிற செம்மணல் காட்டைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பங்குனி உத்திரத்துக்குக் குலசாமி கோயிலுக்குப் போனால், பாதித் தூரம் தார் ரோடு இருந்தாலும் வண்டியை நிறுத்தச் செம்மணலில்தான் இறக்க வேண்டும். தோட்டத்துக்குப் போகவும் மணல்தான், கடற்கரை ஊர்களுக்குள் நுழையவும் மணல்தான்.

போன வருடம் ஒரு தங்கச்சி வந்தார். கிராமச் செவிலியர், ஸ்கூட்டர் ஓட்டுகிறவர். ஒருமுறை மணலில் விழுந்து கணுக்கால் எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. அதற்கப்புறம் மணல் தெரிந்தாலே இறங்கி உருட்டிக்கொண்டு போவாராம். "எனக்குத் தைரியம் பத்தாது" என்றார். தைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டச் சொன்னேன்.

தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தது. கைப்பிடியை இறுக்கிய இறுக்கில் விரல் முட்டிகள் வெளுத்துவிட்டன. பார்வை முன்சக்கரத்திலேயே இருந்தது. மணல் தொடங்கியதும் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டார். வண்டி முன்பக்கம் அமுங்கியது, ஹேண்டில் இடதுபக்கம் மடங்கியது, இடது காலை ஊன்றினார். அன்றைக்கு விழுந்ததும் இப்படித்தான் இருந்திருக்கும்.

நடந்தது இதுதான். ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டதும் எடை முன்சக்கரத்தின் பக்கம் சாயும். சக்கரம் கலப்பை மாதிரி மணலுக்குள் இறங்கும். அந்த நேரத்தில் முன் பிரேக்கையும் பிடித்தால் சக்கரம் அப்படியே நின்றுவிடும், ஆள் விழுவார். பயத்தில் நாம் செய்கிற ஒவ்வொன்றும் விழுவதற்கான வேலைதான். அதனால் "பயப்படாதே" என்று சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்லை. கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும்.

இருபதடி நீளம், இரண்டு விரற்கடை ஆழம் மணல் உள்ள இடமாகப் பார்த்தேன். சீட்டில் பின்னால் தள்ளி உட்காரச் சொன்னேன். கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி கைப்பிடியைப் பிடிக்க வேண்டும். கண் எதிரே நிற்கும் பனைமரத்தில் இருக்க வேண்டும். மணலுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, உள்ளே போனபின் ஆக்ஸிலேட்டரைக் கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது.

"அண்ணாச்சி, வண்டி ஆடுது!"

"ஆடட்டும்மா. நீங்க தடுக்காதீங்க."

மணலில் முன்சக்கரம் வழி தேடிக்கொண்டு ஆடத்தான் செய்யும். பின்சக்கரம் சீராகத் தள்ளிக்கொண்டிருந்தால் தானே நேராகிவிடும். நாம் இறுக்கிப் பிடிக்கும்போதுதான் ஆட்டம் பெரிதாகிறது. நான்காவது முறை அவர் அக்கரை போய் நின்றதும், திரும்பித் தன் சக்கரத் தடத்தைப் பார்க்கச் சொன்னேன். பாம்பு ஊர்ந்த மாதிரி வளைந்து கிடந்தது, ஆனால் நேராகப் பனைமரத்துக்குத்தான் போயிருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கியர் வண்டி என்றால் மணலுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். நடுவில் கியர் மாற்றினால் இழுவை விட்டுப்போகும். முழங்காலால் டேங்கை அணைத்துக்கொண்டு, ஃபுட்ரெஸ்டில் லேசாக எழுந்து நின்றால் வண்டி நமக்குக் கீழே தாராளமாக ஆட இடம் கிடைக்கும். பின்னால் ஆள் இருந்தால் இறக்கிவிடுங்கள். நிறுத்த வேண்டுமானால் பிரேக் தேவையே இல்லை. ஆக்ஸிலேட்டரை மெதுவாக விட்டால் மணலே நிறுத்தும்.

பாலைவனத்தில் பைக் ஓட்டுகிற டாக்கர் பந்தய வீடியோவைக் காட்டி, "வேகமாப் போனா மணல்ல மிதக்கும்ல?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். மிதக்கும்தான். ஆனால் அந்த வண்டிகளின் முன்சக்கரம் 21 அங்குலம், டயரில் பெரிய பெரிய கட்டைகள் இருக்கும். நம் பைக்குக்கு 17, 18 அங்குலம். ஸ்கூட்டருக்கு 10 அல்லது 12. வண்டி விழாமல் நகர்கிற அளவு வேகம் போதும். பதநீர் கேனைக் கட்டிக்கொண்டு எக்ஸ்எல் வண்டியில் தேரிக்குள் போய்வருகிற பனைத் தொழிலாளிகளைப் பாருங்கள். ஒருவரும் பறப்பதில்லை, ஒருவர் தோளும் இறுகியிருக்காது. நான் கற்றுக்கொண்டதே அவர்களைப் பார்த்துத்தான்.

பின்சக்கரம் புதைந்துவிட்டால் முறுக்காதீர்கள், இன்னும் ஆழமாகத்தான் தோண்டும். இறங்கி, முன்னும் பின்னும் ஆட்டிக் குழியை மணலால் நிரப்பி, பக்கத்தில் நடந்தபடியே மெதுவாக ஏற்றுங்கள். வண்டி சாய்ந்தால் முதலில் இன்ஜினை அணையுங்கள். காலைச் சைலன்சர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கெண்டைக்காலில் சைலன்சர் சுட்ட தழும்போடு பலரைப் பார்த்திருக்கிறேன். மணலில் செருப்பு வேண்டாம், கணுக்காலை மூடுகிற ஷூ போடுங்கள். சைடு ஸ்டாண்டுக்கு அடியில் தட்டையான கல்லோ பனைமட்டைத் துண்டோ வையுங்கள். காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகப் பதியும் என்பது உண்மைதான். ஆனால் கையில் பம்பு இருந்தால் மட்டும் செய்யுங்கள். தார் ரோடு ஏறுமுன் திரும்ப அடித்துவிட வேண்டும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆனி, ஆடிக் காற்றில் தார் ரோட்டின்மேல் படிகிற மெல்லிய மணல் வேறு விஷயம். அங்கே சக்கரம் புதையாது, மணிகள்மேல் உருளுகிற மாதிரி வழுக்கும். என் அனுபவத்தில் பெரிய காயத்தோடு வருகிறவர்கள் இங்கே விழுந்தவர்கள்தான், அதுவும் வளைவில். தூரத்தில் சிவப்பாகத் தெரியும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். மணல்மேல் வண்டி நிமிர்ந்தே இருக்கட்டும். சாய்க்கவும் வேண்டாம், முன் பிரேக்கைத் தொடவும் வேண்டாம்.

அந்தத் தங்கச்சி பங்குனி உத்திரத்துக்கு அம்மாவோடு கோயிலுக்குப் போனாராம். மணல் தொடங்குகிற இடத்தில் அம்மாவை இறக்கிவிட்டிருக்கிறார். அம்மா அந்த வளைந்த தடத்தின் மேலேயே நடந்து போய்ச் சேர்ந்தாராம்.