தலைகீழான மண்ணடுக்கு

தொல்லியலின் முதல் விதி எளியது: குலையாத மண்ணில் கீழே கிடப்பது பழையது, மேலே கிடப்பது புதியது. கொழும்பில் அதை நாமே புரட்டிப் போட்டிருக்கிறோம். காலிமுகத்திடலை ஒட்டி 269 ஹெக்டேயரில் விரியும் துறைமுக நகரம், கடலடியிலிருந்து உறிஞ்சிய மணலைக் கொட்டி உண்டாக்கிய நிலம். கடலடி மணலில் நூற்றாண்டுகள் கண்ட சிப்பி ஓடுகள் கலந்திருப்பது வழக்கம். நாளை அங்கே குழி தோண்டுகிறவருக்கு, பழைய ஓடுகள் புதிய படிவுக்கு மேலே கிடைக்கலாம். 2017 ஏப்ரலில் முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டு சரிந்த மீதொட்டமுல்ல குப்பைமேட்டிலும் அடுக்குகள் ஒழுங்காக இருக்கப்போவதில்லை.

மண் கைவிட்டால் காலம் கணிக்கக் காபன் இருக்கிறதே என்பீர்கள். அதுவும் குழம்பிக்கொண்டிருக்கிறது.

உயிருள்ளவரை தாவரம் காற்றிலிருந்தும் விலங்கு உணவு வழியேயும் காபன் 14 என்னும் கதிரியக்கக் காபன் அணுக்களைப் பெற்றுக்கொண்டேயிருக்கும். இறந்ததும் வரவு நின்றுவிடும். உள்ளே இருப்பது ஏறத்தாழ 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகும். எஞ்சியதை அளந்தால் வயது தெரியும். ஆனால் நிலக்கரியும் பெற்றோலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்தவை. அவற்றில் காபன் 14 மிச்சமில்லை. அவற்றை எரிக்கும்போது அந்தப் பழங்காபன் காற்றில் கலக்க, இன்று பூக்கும் பருத்தியும் பழசாகத் தோன்றத் தொடங்குகிறது. 1960களின் முற்பகுதியில் அணுகுண்டுச் சோதனைகள் வட அரைக்கோளக் காற்றில் காபன் 14ஐ ஏறத்தாழ இரட்டிப்பாக்கின. அந்த ஏற்றமும் இப்போது கரைந்துவிட்டது. எரிப்பு இப்படியே பெருகினால் 2050 அளவில் புதுத்துணி ஆயிரம் ஆண்டுப் பழந்துணியின் அளவைக் காட்டும் என்று 2015இல் வெளியான கணிப்பு ஒன்று கூறுகிறது. வெள்ளவத்தையில் அன்று வாங்கிய வேட்டியையும் சோழர் பொலன்னறுவையை ஆண்ட காலத்துத் துணியையும் இந்த முறையால் மட்டும் பிரித்தறிய முடியாது!

ஈடாக வேறு அடையாளங்களை நாமே விட்டுச் செல்கிறோம். குண்டுச் சோதனைகளின் புளூட்டோனியம் உலகெங்கும் படிந்திருக்கிறது. நம் கரைக்கென்றே ஒன்றும் உண்டு: 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் ஏற்றிவந்தவற்றில் சுமார் 1,680 தொன், பருப்பளவு பிளாஸ்டிக் மணிகள். அவை மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. எரிமலைச் சாம்பல் படிந்த அடுக்கைக் கொண்டு தொல்லியலாளர் காலம் கணிப்பதுபோல, தீயில் கருகிய இந்த மணிகளையும் பயன்படுத்தலாம். மனித யுகத்தைத் தனிப் புவியியல் காலமாக ஏற்க 2024இல் புவியியலாளர்கள் மறுத்துவிட்டார்கள். குழிக்குள் நிற்பவருக்கு அது பெரிய இழப்பில்லை; யுகத்தின் பெயரைவிட, எந்த மாதம் என்றுவரை காலம் சொல்லும் ஓர் அடுக்குதான் அவருக்கு வேண்டும்.

ஆனாலும் அலை மணிகளை ஓயாமல் புரட்டுகிறது. எனவே ஒரு மணி கிடைத்தால், அது கிடந்த அடுக்கு 2021 மே மாதத்துக்கு முந்தியதல்ல என்று மட்டுமே உறுதியாகச் சொல்லலாம். இலங்கையில் கிடைக்கும் ரோமானிய நாணயங்களுக்கும் இதே வரம்புதான்.