மூலிகை மாத்திரை என்று சொல்லி விற்றார்களாம்

இந்த வாரமும் என் மருந்துக்கடைக்கு ஒரு அம்மா வந்தார். "பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கின மூலிகை மாத்திரை, தம்பி. ரெண்டே நாளில் முட்டி வலி போச்சு, உடம்பும் தேறிடுச்சு" என்றார். முகம் வட்டமாக உப்பியிருந்தது. கையெல்லாம் கன்றிப்போன நீலத் திட்டுகள். இனிப்பு நீர், அதாவது ரத்தத்தில் சர்க்கரை, ஏறிக் கிடந்தது. இதைத் தேறுதல் என்று யார் சொன்னது?

என் தாத்தா தோட்ட ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர், அதாவது மருத்துவ உதவியாளர். பெயர் ஒட்டாத புட்டியில் கலர் தண்ணீர் கொடுப்பார், சனங்கள் கேள்வி கேட்காமல் குடிப்பார்கள். அப்பா பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மருந்துக்கடை போட்டார். இன்று அதே இடத்தில் நான் பார்மசிஸ்ட். மருந்தைப் பார்க்காமல், அதைக் கொடுப்பவரின் முகத்தைப் பார்த்து நம்பும் பழக்கம் மட்டும் சனங்களிடம் இன்னும் போகவில்லை. தாத்தாவை நம்பினார்கள், சரி. அவர் தோட்டத்திலேயே இருந்தார். சந்தைக்காரரை அடுத்த வாரம் எங்கே தேடுவீர்கள்?

"மூலிகைதானே, கெடுதல் செய்யாது" என்கிறார்கள். ஐயா, மூலிகை ஓரிரு நாளில் மூட்டு வலியை ஓட்டாது. அப்படி ஓட்டினால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். இத்தகைய மாத்திரைகளிலும் மாக்ஜுன் என்ற மூலிகை லேகியங்களிலும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. அந்த அம்மாவின் உப்பிய முகமும் நீலத் திட்டும் அதன் அடையாளங்கள் போலத்தான் இருந்தன. டெக்ஸாமெத்தசோன் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தில் அடங்கிய மருந்து. லைசென்ஸ் வைத்திருக்கும் நானே டாக்டர் சீட்டு இல்லாமல் அதைக் கொடுக்கக் கூடாது. பஜ்ஜிக் கடைக்குப் பக்கத்தில் கிடைக்கிறது! "இயற்கை" என்று அட்டையில் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அம்மா.

வாங்குமுன் பெட்டியைத் திருப்புங்கள். "மால்" (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்க வேண்டும். பாரம்பரிய மருந்தானால் அந்த எண்ணின் இறுதியில் "டி" (T) எழுத்து இருக்கும். ஸ்டிக்கரிலும் போலி உண்டு. அதனால் எண்ணை மருந்துகளைப் பதிவு செய்யும் அரசாங்க அமைப்பான என்.பி.ஆர்.ஏ.வின் (NPRA) இணையதளத்தில் தட்டிப் பாருங்கள், பேரப்பிள்ளை ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லும்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டீர்களா? பயந்துபோய் இன்றே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். உடம்பு அதற்குப் பழகியிருக்கும். வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் விழுவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள், டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். மிச்ச மாத்திரையையும் கையோடு எடுத்துப் போங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் என் கடைக்கு வாருங்கள். திட்ட மாட்டேன். சரி, கொஞ்சம் திட்டுவேன்.