பழைய தேக்குத் தூணுக்கும் பேப்பர் வேண்டும்

தூத்துக்குடியில் ஏற்றுமதிக்கு வந்த இன்னொரு கன்டெய்னர் போக முடியாமல் நிற்கிறது. உள்ளே, தேவகோட்டைப் பக்கம் பிரித்த ஒரு வீட்டின் பர்மா தேக்குத் தூண்கள், நிலை, கதவு. போனில், அனுப்புகிறவரின் அதே வசனம்: "புது மரம் வெட்டலையே அண்ணே, பழசைத்தானே மறுபடி பயன்படுத்தப் போறாங்க? சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னுதானே வெளிநாட்டுக்காரன் கேட்டு வாங்குறான்?"

நல்லதுதான், யார் இல்லை என்றது? ஆனால் சுங்கத்துறை பார்ப்பது பொருளின் வயதை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, வயது நூறு வருஷத்துக்குக் குறையாவிட்டால், கலைப்பொருள் மட்டுமல்ல, கட்டடத்திலிருந்து கழற்றிய பொருளும் தொல்பொருள். "அது சிலைக்குத்தானே" என்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். தனியார் யாரும் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. ஐயா கட்டிய சொந்த வீடு என்பதெல்லாம் அங்கே எடுபடாது. 1920களில் எழும்பிய வீடுகள் இப்போது ஒவ்வொன்றாக நூறைத் தாண்டுகின்றன. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சில வருஷம் முன்பு சிக்கலில்லாமல் போன கதவு இன்று உங்களுக்குப் போகாது.

விவரம் தெரிந்தவர்கள் வேறு மாதிரி வருகிறார்கள். காட்டை அழித்து எடுத்த மரத்தை உள்ளே விடாத ஐரோப்பாவின் 2023 காடழிப்புச் சட்டத்தில், பயன்பாடு முடிந்து கழிவாகப் போகவேண்டிய மரத்துக்கு விலக்கு இருக்கிறதாம். இருக்கிறது. அது அங்கே இறக்குவதற்கான விதி, இங்கே ஏற்றுவதற்கு அல்ல. அதோடு, புதுத் தேக்குக்குச் சாயம் பூசிப் 'பழசு' என்று விற்கும் புண்ணியவான்களால், வாங்குகிறவர்கள் இப்போது எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்கிறார்கள்.

சரி, வீட்டைப் பிரிக்கும் முன்பே ஒவ்வொரு தூணையும் கதவையும் இருந்த இடத்திலேயே படம் எடுங்கள். பங்காளிகள் எல்லோரின் கையெழுத்தும் வாங்குங்கள். ஒருவர் விட்டுப்போனாலும் அப்புறம் கோர்ட்தான். நூறு ஆகாத பொருளா? இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ் வாங்கிவிட்டுக் கன்டெய்னர் பிடியுங்கள். ஈட்டி மரச் சாமானில் மரம் 10 கிலோவைத் தாண்டினால் சைட்ஸ் (அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிக ஒப்பந்தம்) தொடர்பான சான்று தனி. பேக்கிங் மரத்தையும் பூச்சி சாக உள்வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி முத்திரை வாங்க வேண்டும். தந்தம் பதித்ததா, என்னிடம் கொண்டு வராதீர்கள்.

நூறு தாண்டியதை உள்ளூரிலேயே கைமாற்றுங்கள், தயவுசெய்து. அதை வியாபாரமாகச் செய்பவருக்குத் தொல்பொருள் லைசென்ஸ் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளை ஹோட்டலாக்குகிறவர்களுக்கும் தூண் தேவைதான். விலை டாலரில் வராது, அவ்வளவுதான்.