பரிந்துரைக் கடிதம் இல்லாமல் நேரே நிபுணரிடம் போனால் மானியம் போச்சு

எங்கள் புளோக்கில் ஓர் அண்ணன் இருக்கிறார். ஓய்வு பெற்றவர், சிங்கப்பூர்க் குடிமகன், கையில் நீல நிற சாஸ் அட்டை, அதாவது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மருந்தகக் கட்டணத்தில் மானியம் தரும் அட்டை. முட்டி வலி தாங்காமல், யாரோ சொன்ன எலும்பு நிபுணரின் பெயரைச் சொல்லி அரசாங்க மருத்துவமனை ஒன்றில் நேரே முன்பதிவு செய்துவிட்டார். பில் தனியார் நோயாளிக் கட்டணத்தில் வந்தது. கேட்டதற்கு, "டாக்டரை நீங்கள்தானே தேர்ந்தெடுத்தீர்கள்" என்றார்களாம். இதை முன்பதிவின்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன?

அரசாங்க மருத்துவமனை என்பதாலேயே மானியம் கிடைத்துவிடாது. எந்த வாசல் வழியாக நுழைகிறோம் என்பதைத்தான் பார்ப்பார்கள். அவசர சிகிச்சை என்றால் வேறு விஷயம். மற்றபடி நிபுணரைப் பார்க்க, முதலில் அரசாங்கப் பலதுறை மருந்தகத்துக்கோ (பாலிகிளினிக்) சாஸ் அட்டையை ஏற்கும் தனியார் மருந்தகத்துக்கோ போய்ப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். "மானியப் பிரிவுக்கு எழுதுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். இன்ன டாக்டர்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். ஒருமுறை தனியார் நோயாளியாகப் பதிந்துவிட்டால், மானியப் பிரிவுக்கு மாறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அடுத்த கண்ணி, முகவரி. குடிமக்களுக்கு நிபுணர் மருந்தகத்தில் அதிகபட்சம் 70 விழுக்காடு மானியம் உண்டு. எவ்வளவு என்பது குடும்பத்தில் தலைக்கு எத்தனை வெள்ளி வருமானம் என்பதைப் பொறுத்தது. அந்தக் கணக்கில் ஒரே முகவரியில் பதிந்துள்ள சொந்தபந்தம் எல்லாரும் வருவார்கள். மகன் கல்யாணமாகிப் பொங்கோலில் தனி வீட்டில் இருப்பான். அடையாள அட்டையிலோ இன்னும் அம்மாவின் முகவரி. அவன் சம்பளமும் அம்மா கணக்கில் ஏறி, மானியம் குறைந்துவிடும். வீடு மாறினால் 28 நாளுக்குள் முகவரியை மாற்ற வேண்டும் என்பது சட்டம். இணையத்திலேயே செய்துவிடலாம். முகப்பில் யாரும் இதைக் கேட்கமாட்டார்கள், நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே குடும்ப மருத்துவரிடம் தொடர்ந்து போய் நோய் வராமல் பார்த்துக்கொள்ள 2023 ஜூலையில் அரசாங்கம் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தைப் பலர் வெறும் விளம்பரம் என்று நினைத்துக் குறுஞ்செய்தியை அழித்துவிடுகிறார்கள். 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஒரு மருந்தகத்தைத் தேர்ந்தெடுத்துப் பதிந்துகொண்டால், முதல் சுகாதாரத் திட்டச் சந்திப்பு இலவசம். குடிமக்களுக்குப் பரிந்துரைக்கப்படும் பரிசோதனைகளுக்கும் பெரும்பாலான தடுப்பூசிகளுக்கும் காசில்லை. பதிந்த மருந்தகத்துக்குத்தான் போக வேண்டும், பக்கத்தில் இருக்கிறதே என்று வேறொன்றில் நுழைந்தால் இந்தச் சலுகை கிடைக்காது. குறுஞ்செய்தியில் உள்ள இணைப்பைத் தட்டாமல், அரசாங்கத்தின் ஹெல்த்ஹப் சுகாதாரச் செயலியை நீங்களே திறந்து பதியுங்கள். மோசடிக்காரர்கள் சும்மா இருப்பதில்லை.

இன்னொன்று, மருத்துவமனைகள் தங்கள் தாதியரைப் பேட்டைகளுக்கே அனுப்புகின்றன. மூத்தோர் கூடும் துடிப்பான மூப்படைதல் நிலையங்களில் வந்து உட்கார்ந்து, ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், மருந்துகளைச் சரிபார்ப்பார்கள். எந்தக் கிழமை வருவார்கள் என்று நிலையத்திலேயே கேளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பில் கட்ட முடியவில்லையா? கட்டண முகப்பில் வாதாடிப் பயனில்லை. "மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும்" என்று சொல்லுங்கள். பில் கட்ட முடியாதவர்களுக்கான அரசாங்க நிதியான மெடிஃபண்ட் உதவிக்கு அவர்தான் வழி. அது மானியப் பிரிவில் சிகிச்சை பெறும் குடிமக்களுக்கு மட்டுமே. முதலில் சொன்ன அந்தப் பரிந்துரைக் கடிதம் இங்கேயும் கழுத்தைப் பிடிக்கும். பணம் கேட்டு நினைவூட்டல் கடிதம் வரும்வரை காத்திருக்காமல், பில்லையும் சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு அந்த வாரமே போய்விடுங்கள்.